ரிதம் தெங்கோகு: ஜப்பான் கார்ட்ரிட்ஜை வாங்கவும் ஆடவும் நினைப்பவர்களின் கேள்விகள்

இது என்ன விளையாட்டு? ஏன் இன்னும் இதைத் தேடுகிறார்கள்?

நிண்டெண்டோ 2006 ஆகஸ்ட் 3 அன்று கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்காக ஜப்பானில் மட்டும் வெளியிட்ட தாள விளையாட்டு. தாள விளையாட்டு என்றதும், திரையில் மேலிருந்து அம்புக்குறிகள் இறங்கி வர, அவை கோட்டைத் தொடும்போது பட்டனை அழுத்துவதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இதில் அம்புக்குறியும் இல்லை, கோடும் இல்லை. ஒரு கராத்தே வீரனை நோக்கிப் பூந்தொட்டி பறந்து வருகிறது, குத்தினால் உடையும். முகம் வைத்த வெங்காயத்துக்கு முளைத்த முடியை இடுக்கியால் பிடுங்க வேண்டும். பாலாடைக்கட்டியை நோக்கி எலிகள் பதுங்கிப் பதுங்கிப் போகின்றன. இப்படி ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடத்தில் முடிகிற குட்டி ஆட்டம். ஆறு ஆட்டம் ஒரு தொகுதி, மொத்தம் எட்டுத் தொகுதி. தொகுதியின் கடைசி ஆட்டம் ‘ரீமிக்ஸ்’. முன்பு ஆடியவை எல்லாம் ஒரே பாட்டில் மாறி மாறி வந்து உங்களைப் பதம் பார்க்கும்.

இதன் யோசனை நிண்டெண்டோவுக்குள் பிறந்ததல்ல. மார்னிங் முசுமே என்ற பாடகியர் குழுவை உருவாக்கிய இசைத் தயாரிப்பாளர் சுன்கு, நிண்டெண்டோவிடம் கொண்டு போன யோசனை அது. தாளம் உடம்பில் ஏறினால்தான் இப்படிப்பட்ட ஆட்டத்தைச் செய்ய முடியும் என்று, விளையாட்டை உருவாக்கியவர்களை அவர் நடனப் பயிற்சிக்கே அனுப்பினார். படங்களை வரைந்தவர் வாரியோவேர் விளையாட்டுகளில் பணியாற்றிய கோ தாகேயுச்சி. அந்தக் கோணல் நகைச்சுவை எங்கிருந்து வந்தது என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும்.

ஜப்பானை விட்டு ஏன் வெளியே வரவில்லை?

வந்த காலத்தைப் பாருங்கள். அடுத்த கையடக்கக் கருவியான நிண்டெண்டோ டிஎஸ் 2004-லேயே வந்துவிட்டது. டிஎஸ் லைட் ஜப்பானில் 2006 மார்ச்சில் வந்தது. கேம்பாய் அட்வான்ஸ் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஜப்பானில் அந்தக் கருவிக்காக நிண்டெண்டோ வெளியிட்ட கடைசி விளையாட்டே இதுதான். வெளிநாட்டினர் இந்தத் தொடரை முதன்முதலில் பார்த்தது அடுத்த பாகத்தில், அதாவது டிஎஸ்ஸில் தான். ஜப்பானில் 2008-இல் வந்த அந்தப் பாகம் 2009-இல் வட அமெரிக்காவில் ‘ரிதம் ஹெவன்’ என்றும், ஐரோப்பாவில் ‘ரிதம் பாரடைஸ்’ என்றும், கொரியாவில் ‘ரிதம் வேர்ல்ட்’ என்று பொருள்படும் பெயரிலும் வந்தது.

எனவே விற்பனைப் பட்டியலில் ‘ரிதம் ஹெவன், கேம்பாய் அட்வான்ஸ், அமெரிக்கப் பதிப்பு’ என்று ஒன்றைப் பார்த்தால் நின்று யோசிக்க வேண்டியதில்லை. அப்படி ஒன்று வெளியாகவே இல்லை. விற்பவர் யாரோ அச்சடித்த பெட்டியில் யாரோ எழுதிய சிப்பை வைத்து விற்கிறார்.

என் கருவி ஜப்பானில் வாங்கியதல்ல. அதில் ஓடுமா?

ஓடும். கேம்பாய் அட்வான்ஸுக்குப் பிராந்தியப் பூட்டு கிடையாது. எந்த நாட்டுக் கார்ட்ரிட்ஜும் எந்த நாட்டுக் கருவியிலும் ஓடும். முதல் கேம்பாய் அட்வான்ஸ், மடக்கும் எஸ்பி, கேம்பாய் மைக்ரோ, டிஎஸ், டிஎஸ் லைட் எல்லாம் சரி. டிஎஸ்ஐயில் இருந்து அந்தச் சொருகு துளையை எடுத்துவிட்டார்கள், எனவே டிஎஸ்ஐயிலும் 3டிஎஸ்ஸிலும் இந்தக் கார்ட்ரிட்ஜ் நுழையவே நுழையாது.

இந்தத் தொடரின் 3டிஎஸ் பாகத்துக்கு இந்தச் சலுகை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தக் கருவிக்குப் பிராந்தியப் பூட்டு உண்டு. ஜப்பான் 3டிஎஸ் கார்டு ஜப்பான் 3டிஎஸ்ஸில் மட்டும்தான் ஓடும்.

இவற்றில் எதில் ஆடுவது நல்லது?

இந்த விளையாட்டைப் பொறுத்தவரை திரையைவிட ஒலி முக்கியம். அதனால் என் வரிசை மற்ற விளையாட்டுகளுக்குச் சொல்கிற வரிசை அல்ல.

முதலிடம் டிஎஸ் லைட்டுக்கு. நல்ல வெளிச்சமான திரை, ஹெட்ஃபோன் துளை, இரண்டும் இருக்கின்றன. கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். படம் மேல் திரையில் வர வேண்டுமா கீழ்த் திரையில் வர வேண்டுமா என்பதை அமைப்புகளில் தேர்ந்தெடுக்கலாம். மைக்ரோவிலும் ஹெட்ஃபோன் துளை உண்டு, பட்டன்கள் ‘டிக்’ என்று கச்சிதமாக அழுந்தும். ஆனால் பெரிய கை உள்ளவர்களுக்கு அரை மணி நேரத்தில் விரல் மடங்கிப் போகும்.

எஸ்பியில்தான் சிக்கல். அழகான கருவி, சேகரிப்பவர்களின் செல்லம். ஆனால் அதில் ஹெட்ஃபோன் துளை கிடையாது. சார்ஜர் செருகும் இடத்தில் ஒரு தனி இணைப்பான் வாங்கிப் போட வேண்டும். இல்லையென்றால் அந்த ஒற்றை ஸ்பீக்கர்தான் கதி. முதல் கேம்பாய் அட்வான்ஸுக்கு ஹெட்ஃபோன் துளை உண்டு, ஆனால் திரைக்கு வெளிச்சம் இல்லை. விளக்கடியில் உட்கார்ந்து ஆட வேண்டும். நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கண் கொஞ்சம் கஷ்டப்பட்டால் காது தானாக வேலைக்கு வரும்.

கருவியையும் ஜப்பானில் இருந்தே வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதனுடன் வரும் நிண்டெண்டோ சார்ஜர் ஜப்பானின் 100 வோல்ட்டுக்குச் செய்தது. 220, 240 வோல்ட் உள்ள ஊர்களில் அதைச் செருகாதீர்கள். யூஎஸ்பி சார்ஜ் கேபிள் தனியாகக் கிடைக்கும். எஸ்பிக்கும் முதல் டிஎஸ்ஸுக்கும் ஒரே கேபிள், டிஎஸ் லைட்டுக்கு வேறு.

எமுலேட்டரில், அதாவது பழைய கருவி போல நடிக்கும் கணினி மென்பொருளில் ஆடினால் என்ன? பெரிய டிவியில் ஆடினால்?

ஆடலாம். ஆனால் ‘எனக்குத் தாளமே வரவில்லை’ என்று புலம்புகிறவர்களில் பலருக்குத் தாளம் நன்றாகவே வரும், அவர்கள் கருவிக்குத்தான் வராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் போகிறது என்றால், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே 500 மில்லி விநாடி. கேம்பாய் அட்வான்ஸ் திரை ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. நீங்கள் அழுத்தியதை உண்மையான கருவி உடனடியாகக் கவனித்துவிடும். இதையே கணினியில் ஓட்டும்போது எமுலேட்டர் ஒலியைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு வெளியே விடுகிறது. கட்டுப்பாட்டுக் கருவி கொஞ்சம் தாமதிக்கிறது. டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. இதன் மேல் புளூடூத் ஹெட்ஃபோனையும் மாட்டினால் முடிந்தது கதை. சாதாரண புளூடூத்தில் 200 மில்லி விநாடித் தாமதம் சர்வ சாதாரணம். 500-இல் 200 போனால் பாதித் தட்டுக்கு மிக அருகில் தவறிவிட்டீர்கள் என்று பொருள். நீங்கள் கேட்கும் தட்டு, கருவிக்குள் எப்போதோ கடந்து போயிருக்கும்.

இப்போதைய தாள விளையாட்டுகளில் இந்தத் தாமதத்தை ஈடுகட்ட ஓர் அமைப்பு இருக்கும். 2006-இல் கையடக்கக் கருவிக்குச் செய்த விளையாட்டில் அதற்கு என்ன தேவை? எனவே அது இல்லை.

எமுலேட்டர்தான் வழி என்றால் கம்பி ஹெட்ஃபோன் போடுங்கள், ஒலித் தாமத அளவை இரைச்சல் வராத எல்லை வரை குறையுங்கள், டிவியைக் ‘கேம் மோடு’க்கு மாற்றுங்கள். நிண்டெண்டோவின் டிவிக் கருவியான கேம்கியூபில் பொருத்தும் கேம்பாய் பிளேயர் என்ற துணைக்கருவி வழியாகப் பழைய பெட்டி டிவியில் ஆடினால் தாமதம் தொந்தரவு செய்யாது. கார்ட்ரிட்ஜை நேரடியாக ஏற்கும் அனலாக் பாக்கெட் போன்ற புதிய கருவிகளும் நல்ல தேர்வு. அவை மென்பொருளில் நடிக்காமல், பழைய சிப்பின் வேலையை மின்சுற்று அளவிலேயே திரும்பச் செய்கின்றன.

ஜப்பானிய மொழி தெரியாமல் ஆட முடியுமா?

முடியும். ஜப்பானுக்கு வெளியே இந்த விளையாட்டுக்கு ஆட்கள் சேர்ந்ததே அதனால்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு சின்னப் பயிற்சி வரும். எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும், எந்தப் பட்டன் என்பது படமாகத் தெரியும், எப்போது என்பது காதில் விழும். பெரும்பாலும் ஏ பட்டன் மட்டும்தான். சிலவற்றில் பி பட்டனும் திசைப் பட்டனும் சேரும்.

இரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம் வரலாம். முதல் தொகுதியிலேயே வரும் அணிவகுப்பு ஆட்டத்தில் கட்டளைக்கு ஏற்ப நடக்க வேண்டும், நிற்க வேண்டும், வலமும் இடமும் திரும்ப வேண்டும். ‘மிகி’ வலம், ‘ஹிதாரி’ இடம், ‘தொமாரே’ நில். மூன்றையும் தெரிந்துகொண்டால் போதும். இன்னொன்று போன்-ஒதோரி என்ற கோடைத் திருவிழா நடன ஆட்டம். பாட்டு வரிகள் திரையில் ஓடும், நடுவே ‘பான்’ என்று வருகிற இடங்களில் கை தட்ட வேண்டும். ஜப்பானியர்கள் எழுத்தைப் பார்த்துத் தயாராகிவிடுவார்கள். நமக்கு அது இல்லை, பாட்டை இரண்டு மூன்று முறை கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். மெட்டு எளிதாக ஒட்டிக்கொள்ளும், கவலை வேண்டாம்.

முடிவில் வரும் தீர்ப்பு மூன்று வகை. ‘யாரினாவோஷி’ என்றால் மறுபடி ஆடு. ‘ஹெய்போன்’ என்றால் சுமார், தேறிவிட்டாய். ‘ஹை லெவல்’ என்றால் பதக்கம். அதற்கு முன் ஒரு வரியில் நீங்கள் எதில் சறுக்கினீர்கள், எது நன்றாக இருந்தது என்று கருத்தும் வரும். அது உண்மையிலேயே பயனுள்ளது. கைபேசிக் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள்.

ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறதாமே?

இருக்கிறது. விளையாட்டின் கோப்பின் மேல் ஒட்டுகிற ஒட்டுக்கோப்பாகக் கிடைக்கிறது. சொந்தக் கார்ட்ரிட்ஜில் இருந்து கோப்பை எடுத்து அதில் ஒட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஆட்டத்துக்குள் வரும் கடைக்காரரின் வசனங்களும் கருத்துகளும் புரிவது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பு எழுதிய கார்ட்ரிட்ஜைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். அதை மொழிபெயர்த்தவர்களுக்கும் அதில் ஒரு காசு போகாது, உருவாக்கியவர்களுக்கும் போகாது.

எங்கே தேடுவது? ஜப்பானிய விற்பனைக் குறிப்புகளை எப்படிப் படிப்பது?

நேரில் போகிறவர்களுக்கு டோக்கியோவில் அகிஹாபாராவின் பழைய விளையாட்டுக் கடைகள், நகானோ பிராட்வே கட்டடத்தில் உள்ள மண்டராகே, ஒசாகாவில் டென்டென் டவுன் பகுதி. சூப்பர் பொட்டேட்டோ எல்லோரும் படம் எடுக்கிற கடை, விலையும் அதற்கேற்றபடி இருக்கும். புக் ஆஃப் போன்ற பழைய புத்தகக் கடைச் சங்கிலிகளில், சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத புறநகர்க் கிளைகளில், பொறுமையாகத் துழாவினால் நல்லது கிடைக்கும்.

வீட்டில் இருந்தே வாங்குவதென்றால் யாஹூ ஜப்பான் ஏலம், மெர்காரி, சுருகாயா ஆகிய தளங்கள். இவற்றில் பல விற்பவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. எனவே பையீ, ஜென்மார்க்கெட் போன்ற இடைத்தரகு நிறுவனங்கள் உங்கள் பெயரில் வாங்கி, பெட்டியில் போட்டு அனுப்பும். தரகுக் கட்டணம், ஜப்பானுக்குள் அஞ்சல், வெளிநாட்டு அஞ்சல், உங்கள் ஊர்ச் சுங்கவரி எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு ஏலம் கேளுங்கள். ஒரே ஒரு கார்ட்ரிட்ஜுக்கு இவ்வளவும் தண்டம். நான்கைந்து பொருளைச் சேர்த்து ஒரே பெட்டியாக வரவழைப்பதுதான் கட்டுப்படியாகும். ‘நான்கைந்து’ பத்தாவதற்கு நான் பொறுப்பல்ல.

குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில. ‘சோஃப்டோ நோமி’ என்றால் கார்ட்ரிட்ஜ் மட்டும். ‘ஹாகோ’ பெட்டி, ‘செட்சுமெய்ஷோ’ கையேடு. இரண்டும் இருந்தால் ‘ஹாகோ-செட்சு’ என்று சுருக்கி எழுதுவார்கள். ‘மிகாய்ஃபூ’ பிரிக்காதது. ‘தோசா காகுனின்’ என்றால் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டார்கள். ‘நமாஏ-காகி’ என்றால் முந்தைய உரிமையாளர், பெரும்பாலும் ஒரு பள்ளிப்பிள்ளை, ஸ்டிக்கரிலோ பின்புறத்திலோ பெயர் எழுதியிருக்கிறார். ‘யாகே’ வெயிலில் மங்கியது. ‘ஜங்க்’ என்றால் எந்த உத்தரவாதமும் இல்லை, திருப்பித் தரவும் முடியாது. பல சமயம் ‘ஜங்க்’ கார்ட்ரிட்ஜில் முனைகள் அழுக்காக இருப்பது மட்டும்தான் கோளாறு. விலை மிகக் குறைவாக இருந்து, சுத்தம் செய்யும் பொறுமையும் இருந்தால் எடுக்கலாம்.

ஜப்பானிய விற்பவர்கள் பொதுவாகக் குறையைக் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். ‘கீறல்கள் உள்ளன’ என்று எழுதியிருப்பதைக் கையில் வாங்கி, கீறலைத் தேடுவதும் உண்டு.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் அளவுக்குப் போலி பெருகிய பொருள் பழைய விளையாட்டு உலகில் குறைவு. ஒரே ஓர் அடையாளத்தை நம்பாதீர்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

படம் கேட்கும்போது முதலில் கேட்க வேண்டியது கீழ் முனைகளின் படம். உண்மையான கார்ட்ரிட்ஜில் தங்க நிற முனைகளுக்குச் சற்று மேலே, பச்சைப் பலகையில் ‘நிண்டெண்டோ’ என்ற எழுத்து சிறியதாக அச்சாகியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். போலியில் அது இருக்காது, அல்லது எழுத்து சற்றுக் கோணலாக இருக்கும். அடுத்தது ஸ்டிக்கர். அதில் மை இல்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் ஒன்று இருக்கும், சில சமயம் பின்னால் ஓர் எழுத்தும் சேரும். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பார்த்தால் பள்ளம் தெரியும். ஸ்டிக்கரில் உள்ள குறியீடு ‘AGB’ என்று தொடங்கி ‘JPN’ என்று முடிய வேண்டும்.

பின்புறத்து ஸ்க்ரூவைப் பாருங்கள். அசலில் மூன்று கை கொண்ட ஸ்க்ரூ. சாதாரணக் கூட்டல் குறி ஸ்க்ரூ இருந்தால், ஒன்று போலி, இல்லை யாரோ திறந்து மாற்றியிருக்கிறார்கள். மேல் விளிம்பில் புடைத்து நிற்கும் ‘கேம்பாய் அட்வான்ஸ்’ எழுத்து அசலில் கூர்மையாக இருக்கும். போலியில் தேய்ந்த காசு போல இருக்கும்.

கையில் வந்த பிறகும் சந்தேகம் இருந்தால் திறந்து பார்ப்பதுதான் முடிவான வழி. மூன்று கை ஸ்க்ரூவுக்கான திருப்புளி விலை குறைவு, சேகரிப்பவர் வீட்டில் இருக்க வேண்டிய பொருள். உள்ளே சிப்புகள் நேர்த்தியாக, பெயர் எண்ணோடு இருக்க வேண்டும். கறுப்புப் பசை உருண்டை ஒன்று உட்கார்ந்திருந்தால் மேலே பார்க்க வேண்டாம், மூடிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

போலியில் ஆடினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. சேமிப்பு போய்விடும். கஷ்டப்பட்டு வாங்கிய பதக்கங்கள் ஒரு நாள் காலையில் காணாமல் போயிருக்கும். போலிகளில் இது மிகச் சாதாரணம்.

பெட்டியோடு வாங்கவா, கார்ட்ரிட்ஜ் மட்டும் போதுமா?

ஆடத்தான் என்றால் கார்ட்ரிட்ஜ் மட்டும். அலமாரிக்கும் வேண்டுமென்றால் பெட்டியும் கையேடும். பிரிக்காத பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேட்கவே முடியாத இசை விளையாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜப்பான் பெட்டி அமெரிக்கப் பெட்டியைவிடச் சிறிய அட்டைப்பெட்டி. மூலைகள் சீக்கிரம் நசுங்கும், வெயிலில் நிறம் போகும். வாங்கிய கையோடு ஒளி புகும் பிளாஸ்டிக் உறை ஒன்று போட்டுவிடுங்கள். ஜப்பான் பெட்டிக்கென்று அளவெடுத்த உறைதான் வேண்டும், மற்ற நாட்டு அளவு தொளதொளவென்று இருக்கும். அட்டைக்கு எதிரி ஈரம். அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், அவ்வப்போது மாற்றுங்கள்.

பார்சல் வந்தாயிற்று. முதலில் என்ன செய்ய வேண்டும்?

உடனே சொருகாதீர்கள். பஞ்சுக் குச்சியில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, முனைகளை மேலிருந்து கீழாகத் துடையுங்கள். கறுப்பு வருவது நிற்கும் வரை குச்சியை மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு சொருகுங்கள். வாயால் ஊதுகிற வேலை வேண்டாம், எச்சில் ஈரம் முனையை அரிக்கும்.

ஓடினால் ஓர் ஆட்டத்தை முடித்து, அணைத்து, ஒரு இரவு விட்டு, மறுநாள் போட்டுப் பாருங்கள். சேமிப்பு அப்படியே இருந்தால் சரி. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். அப்புறம் பட்டன்களையும் சோதியுங்கள். ஏ பட்டனுக்கு அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் அழுத்தம் ஒரு நேரம் பதியும், ஒரு நேரம் பதியாது. மற்ற விளையாட்டுகளில் அது தொல்லை, இதில் ஆட்டமே போய்விடும். அந்த ரப்பர் தனியாக விற்கிறது, மாற்றுவது எளிது.

பதக்கம் வாங்கவே முடியவில்லை. ஏதாவது வழி சொல்லுங்கள்.

கண்ணை நம்புவதை நிறுத்துங்கள். திரையில் தெரிவதைப் பார்த்து அழுத்தினால் எப்போதும் ஒரு கணம் பிந்திவிடும். பார்த்து, புரிந்து, விரலுக்குச் சொல்லி அனுப்ப நேரம் ஆகிறது. தட்டு எங்கே விழப் போகிறது என்பதை முன்கூட்டியே உடம்பு அறிந்திருக்க வேண்டும். உருவாக்கியவர்கள் இதை வேண்டுமென்றே சோதிக்கிறார்கள். விண்வெளியில் பந்தடிக்கிற ஓர் ஆட்டம் முதல் தொகுதியிலேயே வரும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது படம் மெல்லப் பின்வாங்கும். அடிப்பவன் புள்ளியாகிவிடுவான், பந்து தெரியவே தெரியாது. கண்ணால் ஆடியவர்கள் அங்கேயே காலி. பந்து எறியும் ஒலியைக் கேட்டு ஆடியவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. பேய்கள் சுவருக்குப் பின்னால் ஓடி வருகிற ஆட்டமும் அதே வகைக் குறும்புதான்.

எனவே முதலில் ஆடாமல் கேளுங்கள். பாட்டின் அடிப்படைத் தட்டைக் காலால் பிடியுங்கள். கால் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஆட்டம் அமைதியாகும் இடத்திலும் நிறுத்தாதீர்கள். தவறு நடப்பது பெரும்பாலும் நிசப்தத்தில்தான். ஒலி இல்லாத இரண்டு தட்டைக் குறுக்கிவிடுகிறோம், அடுத்தது முந்திவிடுகிறது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் அழுத்தச் சொல்கிற எதிர்த்தட்டு ஆட்டங்களில், தலை தட்டோடு ஆடட்டும், விரல் இடையில் விழட்டும். இரண்டையும் விரலிடமே விட்டால் குழம்பும்.

‘ஹெய்போன்’ தான் வருகிறது, பதக்கம் வரவில்லை என்றால் ஒட்டுமொத்தமாக ஆடுவதை விட்டுவிட்டு, எந்த அசைவு கெடுகிறது என்று பாருங்கள். அந்த ஒருவரிக் கருத்து அதற்குத்தான் இருக்கிறது. பெரும்பாலானதை அடித்து, ஒரு வகை அசைவை மட்டும் தொடர்ந்து கோட்டை விட்டாலும் பதக்கம் கிடைக்காது.

ஓர் ஆட்டத்தில் திரும்பத் திரும்பத் தோற்றால் காபிக்கடை முதலாளி ஒருவர் ‘இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறாயா?’ என்று கேட்பார். தயங்காமல் போங்கள். பிறகு திரும்பி வரலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. பதக்கங்கள் சேரச் சேர முடிவில்லாத ஆட்டங்கள், தாளப் பொம்மைகள், டிரம் பாடங்கள் எல்லாம் திறக்கும். டிரம் பாடத்தைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் இந்தக் கார்ட்ரிட்ஜின் மிகச் சிறந்த பகுதி. அதைக் கொஞ்ச நாள் ஆடிவிட்டுப் பழைய ஆட்டங்களுக்குத் திரும்பினால் வித்தியாசம் தெரியும்.

‘பெர்ஃபெக்ட்’ சவால் என்று ஒன்று வருகிறதே?

பதக்கம் வாங்கிய ஆட்டத்தில், ஒரு தவறும் இல்லாமல் ஆடச் சொல்லி அவ்வப்போது அழைப்பு வரும். மூன்று வாய்ப்பு. எங்கே தவறினாலும் அந்த வாய்ப்பு முடிந்தது. தவறவிட்டால் வருத்தப்பட வேண்டாம், பின்னால் மறுபடி வரும். மூன்றையும் ஒரே மூச்சில் எரிக்காமல், ஒவ்வொன்றுக்கும் இடையே கருவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

எனக்கு 3டிஎஸ் பாகம் இருக்கிறது. பழைய ஆட்டங்கள் அதிலேயே இருக்கின்றனவே, இது எதற்கு?

2015-இல் ஜப்பானிலும் 2016-இல் மற்ற நாடுகளிலும் வந்த அந்தத் தொகுப்பு பாகத்தில் இதன் பல ஆட்டங்கள் புதுப்பித்து வந்தன, எல்லாமும் அல்ல. படம் அழகாகிவிட்டது, ஒலி தெளிவாகிவிட்டது. ஆனால் சில ஆட்டங்களுக்கு எளிய வடிவத்தை முன்னால் வைத்து, இடையில் கதை என்று நீட்டி முழக்குகிறார்கள். கேம்பாய் பாகம் அப்படிக் கொஞ்சாது. போட்ட சில நிமிடத்தில் பூந்தொட்டி முகத்துக்கு வந்துவிடும்.

டிஎஸ் பாகத்தோடு ஒப்பிட்டால் இன்னொரு வேறுபாடு. அதில் கருவியைப் புத்தகம் போலப் பிடித்து, எழுதுகோலால் திரையைத் தட்டவும் சுண்டவும் வேண்டும். சுண்டியது பதிந்ததா இல்லையா என்பதிலேயே பாதிச் சண்டை. பட்டனில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

முடித்துவிட்டேன். இதே வகையில் அடுத்து எதை வாங்கலாம்?

இதற்கு ஒரு வாரம் முன்பு, 2006 ஜூலை 27 அன்று, அதே கருவிக்கு நிண்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ‘சவுண்ட்வாயேஜர்’. பிட் ஜெனரேஷன்ஸ் என்ற சிறு விளையாட்டு வரிசையில் ஒன்று. திரையைப் பார்க்காமலே, ஒலி எந்தக் காதில் கேட்கிறது என்பதை வைத்து ஆடுவது. அதற்கு ஹெட்ஃபோன் கட்டாயம், மொழி தேவையே இல்லை. அதுவும் ஜப்பானை விட்டு வெளியே கார்ட்ரிட்ஜாக வரவில்லை.

டிஎஸ் பக்கம் போகிறவர்கள் 2005-இல் ஜப்பானில் வந்த ‘ஒசு! ததகாயே! ஓயெண்டான்’ விளையாட்டைத் தேடலாம். டிஎஸ் கார்டுகளுக்கும் பூட்டு இல்லாததால் அது நிறையவே நாடு கடந்தது. இதே தொடரில் தொடர விரும்பினால் 2011-இல் நிண்டெண்டோவின் வீ என்ற டிவிக் கருவிக்கு வந்த பாகம் நல்லது. அதுவும் முழுக்கப் பட்டன் ஆட்டம்தான். ஆனால் அங்கே மறுபடி பிராந்தியப் பூட்டு உண்டு, உங்கள் கருவி எந்த நாட்டுடையது என்று பார்த்துவிட்டு வட்டை வாங்குங்கள்.